மேக்நாத் சாஹாவின் வாழ்வும் பொட்டிப்புரத்தில் கேட்கப்படாத கேள்வியும்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் குறித்துத் தமிழ்நாடு பல ஆண்டுகளாக விவாதித்து வந்திருக்கிறது. அம்பரப்பர் மலையைக் குடைந்தால் நீரூற்றுகள் என்னவாகும், வெடி அதிர்வு அணைகளைப் பாதிக்குமா, ஆடுமாடு மேய்க்கும் நிலம் பறிபோகுமா, மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு தாங்குமா என்ற கேள்விகள் ஊர்க் கூட்டங்களிலும் நீதிமன்றங்களிலும் எழுந்தன. அவை அனைத்தும் நியாயமான கேள்விகள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் ஆதரித்தவர்களின் பேச்சிலும் எதிர்த்தவர்களின் பேச்சிலும் அரிதாகவே இடம்பெற்றது. அந்த மலைக்குள் ஆய்வாளராக நுழையும் வாய்ப்பு யாருக்கு இருந்திருக்கும் என்பதே அக்கேள்வி.

இத்திட்டத்தில் பங்கேற்ற நிறுவனங்களுள் ஒன்று கொல்கத்தாவிலுள்ள சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனம். அதற்குப் பெயர் தந்த மேக்நாத் சாஹா, கல்லூரி விடுதியின் சாப்பாட்டு அறையில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர். இன்று அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்தின் மாணவர் சேர்க்கைக்கு இடஒதுக்கீட்டுச் சட்டம் பொருந்தாது. இந்த முரணைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரரின் மகன்

1893 அக்டோபர் 6 அன்று, இன்றைய வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகிலுள்ள சியோராத்தளி என்னும் சிற்றூரில் சாஹா பிறந்தார். புயலும் மழையுமாக இருந்த இரவில் பிறந்ததால் மேகத்தோடு தொடர்புடைய பெயர் வைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். மேகநாதன் என்பது இராவணனின் மகன் இந்திரசித்தின் பெயரும்கூட. தந்தை ஜகந்நாத் சாஹா சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவரான மேக்நாத், எழுதப் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்ததும் கடையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதே வீட்டின் எதிர்பார்ப்பு.

சாஹாக்கள், சாராயம் காய்ச்சி விற்கும் தொழிலோடு சேர்த்து அறியப்பட்ட சுன்ரி சமூகத்தின் ஒரு பிரிவினர். சிலர் வணிகத்தில் முன்னேறியிருந்தாலும் வங்கத்தின் சாதி அடுக்கில் அவர்களுக்குக் கிடைத்த இடம் தாழ்ந்தது. மேற்கு வங்கத்தின் பட்டியல் சாதிகளின் வரிசையில் சுன்ரி இடம்பெறுகிறது. ஆனால் சாஹாக்கள் நீங்கலாக என்ற விலக்குடன்தான் இடம்பெறுகிறது. எனவே இன்றைய சட்ட வரையறையின்படி சாஹாவைத் தலித் என்று சொல்ல முடியாது. அவர் அனுபவித்ததைத் தீண்டாமையின் சாயல் இல்லாதது என்றும் சொல்ல முடியாது. சாதி வெறும் மேல், கீழ் என்ற இரண்டு தட்டுகளாக இருப்பதில்லை. ஒவ்வொரு படியிலும் ஒருவரை இன்னொருவரின் தட்டிலிருந்து விலக்கி வைக்கும் ஏணி அது. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கிய அந்த அமைப்பின் நடுப்படிகள் எப்படி இயங்குகின்றன என்பதற்குச் சாஹாவின் வாழ்க்கை ஒரு சான்று.

ஊரில் தொடக்கப் பள்ளி மட்டுமே இருந்தது. நடுநிலைப் பள்ளி சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் சிமுலியாவில் இருந்தது. நாள்தோறும் நடந்து போய்வர இயலாது. தங்கிப் படிக்கப் பணமும் இல்லை. மூத்த அண்ணன் ஜெய்நாத்தின் முயற்சியால் அனந்த குமார் தாஸ் என்ற உள்ளூர் மருத்துவர் தம் வீட்டில் இடமும் உணவும் தர முன்வந்தார். அதற்கு ஈடாகச் சிறுவன் மருத்துவரின் பசுவைப் பராமரிக்க வேண்டும். தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்க வேண்டும். உதவிய அந்த வீட்டிலும் சாதி உண்டு. அந்த உதவி இல்லையென்றால் கல்வியும் இல்லை. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இந்த இரட்டை நிலை அன்னியமானதல்ல.

நடுநிலைத் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதலிடம் பெற்ற சாஹாவுக்கு மாதம் நான்கு ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. சணல் ஆலையில் மாதம் இருபது ரூபாய்க்கு வேலை பார்த்த ஜெய்நாத், அதில் ஐந்து ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். 1905இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தபோது வங்கப் பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சி பரவியிருந்தது. பள்ளிக்கு வந்த ஆளுநரின் வருகையை ஒட்டிய எதிர்ப்பில் பங்கெடுத்ததாக நீக்கப்பட்ட மாணவர்களுள் சாஹாவும் ஒருவர். உதவித்தொகையும் போயிற்று. வேறொரு பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1909 நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்கத்திலேயே முதலிடம் பெற்றார்.

இந்தத் தொடக்கத்தைத் திறமையின் வெற்றிக் கதையாகச் சொல்வதே வழக்கம். அதை மாற்றிப் படிக்க வேண்டும். நான்கு ரூபாய் உதவித்தொகை, அண்ணனின் ஐந்து ரூபாய், ஒரு மருத்துவரின் திண்ணை, ஒரு பள்ளி விலக்கியபோது இன்னொரு பள்ளி காட்டிய இரக்கம் ஆகிய நான்கில் ஒன்று தவறியிருந்தாலும் சியோராத்தளி மளிகைக் கடையில் கணக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வியாபாரி இருந்திருப்பார். உலகம் அவரை அறிந்திருக்காது. கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு அப்பால் இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுள் இப்படி ஒருவர் இருந்தால், அவர் நம்ப வேண்டியது தற்செயலையா, உரிமையையா?

விடுதியின் சாப்பாட்டு அறை

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சாஹா சேர்ந்தார். ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். சத்யேந்திர நாத் போஸ் வகுப்புத் தோழர். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஓராண்டு மூத்தவர். இந்திய அறிவியலின் ஒரு தலைமுறையே அந்த வகுப்பறைகளில் கூடியிருந்தது. 1913இல் கணித இளநிலைத் தேர்விலும் 1915இல் முதுநிலைத் தேர்விலும் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம்.

வகுப்பறையில் இரண்டாமிடம் பெற்றவருக்கு, தங்கியிருந்த ஈடன் இந்து விடுதியில் உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. உடன் தங்கிய மேல்சாதி மாணவர்கள் சிலர், அவரோடு ஒரே அறையில் உணவருந்த மறுத்தனர். கல்விக்கான தெய்வம் என்று அவர்கள் வணங்கிய சரஸ்வதியின் பூசையிலும் அவர் ஒதுக்கப்பட்டார். பின்னர் விடுதியை விட்டு வெளியேறி நண்பர்களுடன் தனியிடத்தில் தங்கிப் படித்தார். இந்த அவமானத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்பது அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் அனைவரும் குறிப்பிடும் செய்தி.

படிப்பு முடிந்ததும் நிதித்துறைப் பணிக்கான போட்டித் தேர்வு எழுத விரும்பினார். குடும்பத்துக்கு உடனடியாக வருமானம் தேவைப்பட்டது. ஆனால் புரட்சியாளர்களோடு தொடர்புடையவர் என்ற ஐயத்தால் ஆங்கில அரசு அனுமதி மறுத்தது. காலையும் மாலையும் மிதிவண்டியில் நகரெங்கும் சென்று தனிவகுப்பு எடுத்துப் பிழைத்தார். 1916இல் முன்னாள் துணைவேந்தரான அசுதோஷ் முகர்ஜி தாம் தொடங்கிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் இளம் பட்டதாரிகளான போஸையும் சாஹாவையும் ஆசிரியர்களாக அமர்த்தினார். கணிதம் படித்தவர் இயற்பியல் கற்பிக்க வேண்டியதாயிற்று. வெப்ப இயக்கவியலையும் நிறமாலையியலையும் தாமே படித்துக்கொண்டே மாணவர்களுக்கு நடத்தினார். ஜெர்மன் மொழி கற்று, போஸுடன் சேர்ந்து ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கல்கத்தா பல்கலைக்கழகம் 1920இல் வெளியிட்ட அந்நூல், அக்கட்டுரைகளின் மிக முந்தைய ஆங்கில மொழிபெயர்ப்புகளுள் ஒன்று.

சூரியனைப் படித்த சமன்பாடு

சாஹாவின் பெயரை உலகெங்கும் நிலைநிறுத்திய ஆய்வுக்கட்டுரை 1920இல் வெளியானது. அதன் சாரத்தை எளிமையாகச் சொல்ல முடியும். சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்தால் இடையிடையே கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு தனிமத்தின் கையொப்பம். சில தனிமங்களின் கோடுகள் சூரியனில் வலுவாகவும் சில மங்கலாகவும் தெரிவது ஏன்? கோடு மங்கலாக இருந்தால் அந்தத் தனிமம் அங்கே குறைவு என்றே பலரும் எண்ணினர்.

சாஹா வேறு விடை சொன்னார். வெப்பம் மிகும்போது அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன. அயனியின் கையொப்பம் அணுவின் கையொப்பத்திலிருந்து வேறுபட்டது. எத்தனை பங்கு அணுக்கள் இப்படிப் பிரியும் என்பது வெப்பநிலையை மட்டுமல்லாமல் அழுத்தத்தையும் பொறுத்தது. அழுத்தம் குறைவான இடத்தில் பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் வந்து சேரும் வாய்ப்பு குறைவு. எனவே அங்கே அயனிகள் மிகும். வேதிவினைகளின் சமநிலைக் கணக்கை அணுவின் உள்ளமைப்புக்குப் பொருத்தி அவர் எழுதிய சமன்பாட்டால், ஒரு விண்மீனின் நிறமாலையிலிருந்து அதன் வெப்பநிலையைக் கணக்கிட முடிந்தது. சூரியப் புள்ளிகள் சுற்றியுள்ள பரப்பைவிடக் குளிர்ந்தவை என்பதால் அங்கே ருபீடியத்தின் கோடுகள் தெரிய வேண்டும் என்று அவர் கணித்தார். பின்னர் அவை கண்டறியப்பட்டன.

தேனி மாவட்டத்தார்க்கு இதில் அண்மையான ஒரு தொடர்பு உண்டு. பெரியகுளத்துக்கு மேலே நிற்கும் பழனி மலையில், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அயனியாகிய கால்சியத்தின் ஒளியில் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறது. சூரியனின் மேல் அடுக்குகளில் அந்த அயனிக் கால்சியம் ஏன் அத்தனை வலுவாகத் தெரிகிறது என்பதை விளக்கியது சாஹாவின் சமன்பாடு. மோட்டார் சாலை வருவதற்கு முன் அந்த மலைக்கு மனிதர்களும் சுமைகளும் பெரும்பாலும் பெரியகுளத்து அடிவாரத்திலிருந்து கூலிகளின் தோள்களில்தான் ஏறின. அறிவியல் வரலாற்று நூல்களில் தொலைநோக்கியின் விட்டம் குறிக்கப்படும். அந்தத் தோள்கள் குறிக்கப்படுவதில்லை.

சாஹாவின் கருவியைக் கையிலெடுத்து அடுத்த பெரிய அடியை வைத்தவர் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண். பெண்களுக்குப் பட்டம் தராத கேம்பிரிட்ஜில் படித்து, அமெரிக்கா சென்று, 1925இல் விண்மீன்கள் பெருமளவு ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கண்டவர் அவர். மூத்த ஆய்வாளர்களின் அழுத்தத்தால் அந்த முடிவைத் தாமே ஐயத்துக்குரியதாக எழுத நேர்ந்தது. சில ஆண்டுகளில் அவர் சொன்னதே சரியென்று ஏற்கப்பட்டது. சாதியால் ஒதுக்கப்பட்ட ஒருவரின் கணக்கு, பாலினத்தால் ஒதுக்கப்பட்ட ஒருவரின் கையில் விண்மீன்களின் உட்பொருளைத் திறந்து காட்டியது. விலக்கப்பட்டவர்கள் வராமல் போயிருந்தால் அறிவியலுக்கு நேர்ந்திருக்கும் இழப்பு எவ்வளவு என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

எல்லாம் வேதத்தில் இருக்கிறதா?

லண்டனிலும் பெர்லினிலும் ஆய்வு செய்துவிட்டு 1921இல் நாடு திரும்பிய சாஹா, 1923 முதல் பதினைந்து ஆண்டுகள் அலகாபாத்தில் பணியாற்றினார். 1927இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் பரிசு கிடைக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் பின்னாளில் எழுதினார். தம் ஆய்வைப் பற்றி ஆர்வத்தோடு கேட்ட ஒரு மூத்த வழக்கறிஞருக்கு விண்மீன்களின் நிறமாலையை அவர் விளக்கினார். கேட்டு முடித்த பெரியவர், இதில் புதிதாக ஒன்றுமில்லை, எல்லாம் வேதத்தில் இருப்பதே என்றார். எந்த வேதத்தில், எந்தப் பகுதியில் என்று சாஹா கேட்டதற்கு அவரிடம் விடையில்லை. அவர் வேதத்தைப் படித்ததுமில்லை. அதன்பின் சாஹா பல ஆண்டுகள் வேதங்களையும் பழைய வானியல் நூல்களையும் படித்தார். இன்றைய அறிவியல் அவற்றில் ஒளிந்திருப்பதாகச் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று எழுதினார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த அனில்பரண் ராயுடன் இது தொடர்பாக வங்க இதழ்களில் நீண்ட விவாதம் நடத்தினார். கைத்தொழில் செய்தவர்களைத் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கி, மூளையையும் கையையும் சாதி பிரித்து வைத்ததே இந்திய அறிவு தேங்கியதற்குக் காரணம் என்பது அவருடைய வாதத்தின் மையம்.

1952இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது இதே அணுகுமுறையைக் கணிதத்தின் மொழியில் வைத்தார். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதைப் பஞ்சாங்கக் கணக்கர்கள் கணக்கில் கொள்ளாததால், பருவங்களுக்கும் பண்டிகைகளுக்கும் இடையே ஏறத்தாழ 23 நாள் பிழை சேர்ந்துவிட்டது. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 22ஆம் நாளை ஒட்டி; உத்தராயணம் கொண்டாடப்படுவதோ ஜனவரி 14ஆம் நாளை ஒட்டி. வானத்தைப் பார்த்தாலே தெரியும் ஒன்றைச் சாத்திரத்தின் அதிகாரம் மறைத்து வைத்திருக்கிறது என்று காட்டியது அந்தக் குழுவின் அறிக்கை. புதிய தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

ஆறும் அம்பேத்கரும்

மேகத்தின் பெயர் கொண்ட சாஹாவை வெள்ளம் வாழ்நாளெல்லாம் துரத்தியது. மாணவராயிருந்தபோது 1913இல் தாமோதர் ஆற்று வெள்ள நிவாரணத்திலும், பேராசிரியரானபின் 1922இல் வடக்கு வங்க வெள்ள நிவாரணத்திலும் பணியாற்றினார். வெள்ளத்தைத் தெய்வக் குற்றம் என்று விட்டுவிடாமல் ஆறுகளை அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்று தொடர்ந்து எழுதினார். 1935இல் அறிவியலும் பண்பாடும் என்ற பொருள்படும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1938இல் காங்கிரஸ் தலைவராயிருந்த சுபாஷ் சந்திர போஸ் தேசியத் திட்டக் குழு அமைத்ததில் சாஹாவின் வலியுறுத்தலுக்குப் பெரும் பங்குண்டு.

1943 வெள்ளத்தில் தாமோதர் கரை உடைந்து கல்கத்தாவின் ரயில் தொடர்பு அறுந்தது. அதை விசாரித்த குழுவில் சாஹா உறுப்பினர். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கைப் போல ஆற்றை முழுமையாக, அணை, மின்சாரம், பாசனம், நோய்த் தடுப்பு என ஒன்றுசேர்த்துத் திட்டமிட வேண்டும் என்றார். அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையையும் நீர், மின்சாரக் கொள்கையையும் கையில் வைத்திருந்தவர் அம்பேத்கர். 1945 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த தாமோதர் பள்ளத்தாக்கு மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். சாஹா அறிவியலாக முன்வைத்ததை அம்பேத்கர் அரசின் கொள்கையாக்கினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. இந்திய நீர்க் கொள்கையின் வரலாற்றில் இந்த இருவரின் பெயர்களும் அடிக்குறிப்புகளாகச் சுருங்கிவிட்டன.

இதில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பெரிய அணைகளின் மீது அந்தத் தலைமுறை வைத்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் வேறு மக்கள். மைதான், பாஞ்செட் அணைகளுக்காகச் சந்தால் பழங்குடியினரும் ஏழை உழவர்களும் நிலம் இழந்தனர். ஆற்றைக் கட்டுப்படுத்தும் அறிவியலை எழுதிய சாஹா, மூழ்கும் நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அதே அழுத்தம் தரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கு இதை நன்கறியும். 1895இல் முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் இங்கே 14,707 ஏக்கரை இருபோக நிலமாக்கியது. அந்த வயல்களில் நடவு நட்டுக் களையெடுத்த தலித் கைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வயலின் பட்டா வரவில்லை. நீரைக் கொண்டுவருவது ஒரு கேள்வி. நிலத்தைப் பங்கிடுவது வேறொரு கேள்வி. இரண்டையும் சேர்த்துக் கேட்டவர் அம்பேத்கர்.

இரகசியமும் நாடாளுமன்றமும்

1938இல் கல்கத்தா திரும்பிய சாஹா, முதுநிலை வகுப்பில் அணுக்கரு இயற்பியலைப் பாடமாக்கினார். அவர் உருவாக்கிய அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை 1950 ஜனவரியில் ஐரீன் ஜோலியோ கியூரி திறந்து வைத்தார். அதே காலத்தில் ஹோமி பாபாவின் தலைமையில் அணுசக்தி ஆணையம் உருவாகி, அணு ஆராய்ச்சி முழுவதும் தனிச் சட்டத்தின் கீழ், பிரதமரின் நேரடிப் பொறுப்பில் சென்றது. அடித்தளமான தொழில்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாமல் ஆணையம் அமைப்பதைச் சாஹா எதிர்த்தார். ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களில், மாணவர்கள் நுழையக்கூடிய இடங்களில் வளர வேண்டும் என்றார். அவர் வாதம் தோற்றது. பணமும் அதிகாரமும் தனி நிறுவனங்களுக்குச் சென்றன, பல்கலைக்கழகங்கள் மெலிந்தன.

1952 பொதுத் தேர்தலில் வடமேற்குக் கல்கத்தா தொகுதியில் காங்கிரஸை எதிர்த்து, இடதுசாரி ஆதரவுடன் வென்று மக்களவைக்குச் சென்றார். அதே தேர்தலில் பம்பாயில் அம்பேத்கர் தோற்கடிக்கப்பட்டார். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளின் மறுவாழ்வு, ஆறுகள், தொழில் கொள்கை, கல்வி எனச் சாஹா அவையில் தொடர்ந்து பேசினார். 1954 மே மாதம் அணுசக்தி குறித்த விவாதத்தைத் தொடங்கிவைத்து, மக்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியை இரகசியத் திரைக்குப் பின்னால் நடத்துவதைக் கண்டித்தார். பொட்டிப்புரத்து மக்கள் தங்கள் மலையில் என்ன நடக்கப்போகிறது என்று கேட்டபோது, எல்லாம் வல்லுநர்களுக்குத் தெரியும் என்ற தொனியில் விடை வந்ததை நினைவுகூர்வோர், அந்தத் தொனியின் வேர் எங்கே இருக்கிறது என்பதை இந்த விவாதத்தில் காணலாம்.

1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்கு நடந்து செல்லும் வழியில் மாரடைப்பால் சாஹா இறந்தார். வயது 62. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் மறைந்தார்.

கோலாரிலிருந்து பொட்டிப்புரம்

சாஹா மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1965இல், கோலார் தங்கவயலில் நிலத்துக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டன. உலகில் அவற்றை முதன்முதலில் பதிவு செய்த ஆய்வுகளுள் அதுவும் ஒன்று. அத்தனை ஆழமான சுரங்கம் எப்படி வந்தது? வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து போன தமிழ்த் தலித் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டியது அது. பாறை வெடிப்பிலும், நுரையீரலை அரிக்கும் சிலிக்கா தூசியிலும் அவர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் தோண்டிய குழியில்தான் இந்திய இயற்பியல் உலகப் புகழ் பெற்றது. அந்த ஆய்வு 1990களின் தொடக்கத்தில் நின்றது. 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது. விட்ட இடத்திலிருந்து தொடரவே புதிய ஆய்வகம் திட்டமிடப்பட்டது. நீலகிரியின் சிங்காரா யானை வழித்தடம் காரணமாக மறுக்கப்பட்டபின், தேர்வு பொட்டிப்புரத்தின் மீது விழுந்தது. 50,000 டன் காந்த இரும்பு, சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை, ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் என்று 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நியூட்ரினோ வகைகளின் நிறை வரிசையைக் கண்டறிவது அதன் முதன்மை நோக்கம். வழக்குகளும் மக்கள் எதிர்ப்பும் தொடர்ந்தன. 2022இல் இத்திட்டத்தை விரும்பவில்லை என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதனிடையே அதே நிறை வரிசையைத் தேடும் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது.

திட்டம் வருகிறதோ இல்லையோ, கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை. மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம் 2006இல் நிறைவேறியது. பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்று சட்டத்தின் மூன்றாம் பிரிவு வகுக்கிறது. நான்காம் பிரிவோ, தலைசிறந்த நிறுவனங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள் என்று ஓர் அட்டவணையைக் காட்டி அவற்றுக்கு இது பொருந்தாது என்கிறது. அந்த அட்டவணையில் இருப்பவை எவை? ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் பத்து உறுப்பு நிறுவனங்களும். அவற்றுள் சென்னையின் கணித அறிவியல் நிறுவனம், மும்பையின் டாடா நினைவுப் புற்றுநோய் மையம், கொல்கத்தாவின் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் ஆகியவை அடக்கம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், மூளை ஆராய்ச்சிக்கான தேசிய மையமும், ஷில்லாங்கில் உள்ள மருத்துவ நிறுவனமும் உண்டு. கணிதம், இயற்பியல், மருத்துவம் என இந்தியாவின் உயராய்வு நடக்கும் வாசல்கள் பலவற்றில், மாணவர் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு சட்டக் கடமையாக இல்லை. பொட்டிப்புரத்துக்கு வரவிருந்த முதன்மை நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்த அட்டவணைக்குள் இருப்பவை.

நிலம் மட்டும் தேனியுடையது. அறிவுக்கான இருக்கைக்கு உத்தரவாதம் இல்லை. இதை யாரும் மறைக்கவில்லை. சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். தகுதியின் பெயரால் இந்த விலக்கு நியாயப்படுத்தப்படுகிறது. ஆனால் சாஹாவின் தகுதி சாப்பாட்டு அறையில் ஏற்கப்படவில்லை. அவரை ஆய்வுக்குக் கொண்டு சேர்த்தது நான்கு ரூபாய் உதவித்தொகையும் சில மனிதர்களின் கருணையும். கருணை எல்லோருக்கும் வாய்க்காது என்பதால்தான் உரிமை சட்டமாக்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நிறுவனத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

செய்யக்கூடியது தெளிவாக இருக்கிறது. அந்த அட்டவணையை அறிவிக்கை ஒன்றின் மூலம் திருத்தும் அதிகாரத்தை அதே நான்காம் பிரிவு ஒன்றிய அரசுக்குக் கொடுக்கிறது. புதிய சட்டம் தேவையில்லை. அரசியல் விருப்பம் போதும். முதற்படியாக, இந்நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தம்மிடம் சேரும் ஆய்வு மாணவர்களின் சமூகப் பின்னணியை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் தங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினரிடம் இக்கேள்வியை எழுப்பச் சொல்லலாம். தேனியிலும் கம்பத்திலும் அறிவியல் படிக்கும் தலித் மாணவர்கள், நுழைவுத் தேர்வுக்கான வழிகாட்டலைக் கூட்டாக ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அம்பரப்பர் மலையைக் காக்கும் போராட்டமும் ஆய்வகத்தின் கதவைத் திறக்கும் போராட்டமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. தம் மலையில் என்ன நடக்கும் என்று கேட்கும் உரிமையும், அறிவியலின் உள்ளே என்ன நடக்கும் என்று தீர்மானிக்கும் உரிமையும் ஒரே மக்களுக்கு உரியவை.